இலைக்குப் பத்து சீட்

கண்ணைச் சுருக்கி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஜெபஷீலா அந்த விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சின்னமனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஏதோ ஒரு விமானக் கம்பெனி புதிதாக வைத்த பலகை. விமானத்துக்கு முன்னால் ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிறாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் போக, இவர் மட்டும் அவளுக்குப் பின்னால், இறக்கைக்குக் கீழே, விமானத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணால் அளக்கிறார்.

"இதுக்கு வகுறு சிறுசு. நம்ம பெட்டியப் படுக்க வச்சுத்தேன் அடுக்கணும்" என்கிறார், பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம். பெரியவர் பதறிப்போய் இரண்டடி தள்ளி நிற்கிறார்.

ஜெபஷீலா வாழை இலை ஏற்றுமதி செய்கிறார். மார்க்கையன்கோட்டைச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் பதினைந்து பெண்கள், வாசலில் ஒரு வேன். சரக்கு குமுளி வழியாக மலையேறி இறங்கி, கொச்சிப் பக்கத்து நெடும்பாசேரி விமான நிலையம் போய், அங்கிருந்து ஆட்கள் பயணம் செய்கிற விமானத்தின் அடிவயிற்றில் படுத்துக்கொண்டு ஷார்ஜா போகும். மேலே இருநூறு பேர் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் காலுக்குக் கீழே சின்னமனூர் வாழைத்தோட்டம் ஒன்று கூடவே பறக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஜெபஷீலாவுக்கு அதில் ஒரு குறும்புச் சந்தோஷம் உண்டு.

அவர் மட்டும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கணவர் ஜெபராஜ் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வது: "எம் பொஞ்சாதி பிளேன்ல ஏறுனதில்ல. பிளேன்ல ஏத்திவிடுறதோட சரி."

விமானங்களை எண் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் ஜெபஷீலாவுக்கு இல்லை. விடிகாலையில் கிளம்புவது 'வெள்ளனக்காரன்'. சாயங்காலத்தில் போவது 'சோம்பேறி'. சரக்கு ஏறிவிட்டது என்று தகவல் வந்தால் கொட்டகையில் எல்லோருக்கும் பருத்திப்பால். இறங்கிவிட்டது என்று வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு "ஸ்தோத்திரம்" என்று ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை சபையில் விண்ணப்பம் எழுதச் சொன்னால் மற்றவர்கள் மகன் வேலை, மகள் கல்யாணம் என்று எழுதுவார்கள். இவர் நெடும்பாசேரியில் மூடுபனி விலக வேண்டும் என்று எழுதுவார். போதகரும் முகம் மாறாமல் அதை வாசித்து ஜெபிக்கிறார்.

நுனி இலை பிள்ளை மாதிரி. விடியுமுன் அறுத்து, வெயில் ஏறுவதற்குள் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். ஈரத்துணியால் துடைத்து, கிழிசல் பார்த்து, மடித்தால் ஒடியாதபடி நடுநரம்பை மெல்லச் சீவி, நுனியெல்லாம் ஒரே பக்கம் வருமாறு பெட்டியில் அடுக்க வேண்டும். சூடு தட்டினால் கறுத்துவிடும். ஜெபஷீலா வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். "ஆத்தா, பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி தொடையி. நீ போர்வை தொவைக்கிற மாதிரியில்ல தொடைக்கிற!" திட்டு வாங்கியவளே முதலில் சிரிப்பாள்.

வருஷம் முழுக்க இலை போனாலும் உயிர் இருப்பது ஓணத்தில்தான். வளைகுடாவில் இருக்கும் மலையாளிகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில், ஒரே வேளையில் இலை வேண்டும். "எனக்குக் கிறிஸ்மஸ் டிசம்பர்ல. பண்டிக ஆவணியிலதேன்" என்பார். ஷார்ஜா மொத்த வியாபாரி அவரை 'ஷீலா சேச்சி' என்று கூப்பிடுவார். இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை மலையாளம் பேசுவார். அதில் மூன்று தமிழாக இருக்கும்.

ஆனால் ஓண நேரத்தில்தான் விமானமும் நிரம்பி வழியும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் வளைகுடாவுக்குத் திரும்பிப் போகும்போது பலாப்பழம், சேனை, நேந்திரங்காய் உப்பேரி என்று பெட்டியைப் பிதுங்கப் பிதுங்க அடைத்துக்கொண்டு வருவார்கள். எடை மிஞ்சினால் ஆளை இறக்க முடியாது, ஆளின் பெட்டியையும் இறக்க முடியாது. இறங்குவது சரக்குதான். போன வருஷம் அப்படித்தான் இறக்கினார்கள். வெயிலில் கிடந்த பெட்டிகள் பண்டிகை முடிந்த மறுநாள் ஷார்ஜா போய்ச் சேர்ந்தன. "கல்யாணம் முடிஞ்சு வந்த மேளக்காரன் மாதிரி போயி நின்னுச்சுய்யா எம் எல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் கொழும்பு இலை பார்க்கிறேன் என்று மொத்த வியாபாரி சொல்லிவிட்டார்.

இலையை ஏற்றிப் போகும் விமானக் கம்பெனியில் சரக்குப் பிரிவைப் பார்க்கிறவர் சுரேஷ்கண்ணன். சொந்த ஊர் போடி. ஊருக்கு வரும்போதெல்லாம் கொட்டகைக்கு வந்து ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். இந்த வருஷம் ஆடி மாதம் வந்தவர் முகத்தில் களையே இல்லை.

"கம்பெனிக்குள்ள ரெண்டு கட்சியா நிக்கிறாகக்கா. ஒரு கட்சி, நாம சீட் விக்கிற கம்பெனி, சரக்குக்குன்னு காசு போடக்கூடாது, மிச்ச எடத்துல ஏறுனா ஏறட்டும்னு சொல்லுது. இன்னொரு கட்சி, குளிர் அறை கட்டுவோம், எடத்துக்கு உறுதி குடுப்போம், சீட் காத்தாடுற மாசத்துலயும் சரக்கு நம்மள நிமித்தும்னு சொல்லுது."

"கம்பம் பஸ்ஸு டாப்புல தக்காளிக் கூட ஏத்தாம எந்தக் காலத்துல ஓடிருக்கு? கூடை வாடகையிலதேன் டீசலே போட்டான். அதச் சொல்லு ஒங்க ஆபீஸ்ல." ஜெபஷீலாவுக்குச் சூடு ஏறிவிட்டது. "பேசாம சரக்குக்குன்னு தனிப் பிளேன் ஒண்ணு வாங்கச் சொல்லு தம்பி. சீட்டே வேணாம். பூராம் எல!"

"வாங்கிருவோம். ஓணம் முடிஞ்ச மறுவாரம் அதுல என்னத்த ஏத்துவீக?"

ஜெபஷீலா வாழைப்பூ, முருங்கை, கறிவேப்பிலை என்று விரல் விட்டுப் பார்த்தார். ஒரு முழு விமானத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கையே வேரோடு பிடுங்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

"அதுஞ் சரிதேன்" என்றார். தோற்றதில் வருத்தமே இல்லை. நல்ல கேள்வி கேட்டதற்காகத் தம்பிக்கு இன்னொரு டம்ளர் பருத்திப்பால் வந்தது.

கடைசியில் தலைமை அலுவலகம் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டது. திருவோணத்துக்கு முந்தின நாள் வெள்ளனக்காரனில் பத்து சீட்டை விற்காமல் வைப்பது. ஒரு ஆளும் அவர் பெட்டிகளும் சேர்ந்தால் நூறு கிலோ என்று கணக்கு. பத்து சீட்டுக்குக் கீழே ஒரு டன் இலை. அதற்கான வாடகையை ஜெபஷீலா முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். சொன்னபடி இலை போய்ச் சேர்ந்து, அந்தப் பத்து சீட்டை விற்றால் வரும் வருமானத்துக்கு ஈடும் ஆகிவிட்டால், குளிர் அறை கட்டுவார்கள், வருஷா வருஷம் இடம் உறுதி. இல்லையென்றால் சரக்கு பழையபடி மிச்ச இடத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அப்படி ஆனால் அடுத்த ஓணத்துக்குக் கொட்டகையில் பதினைந்து பேருக்கு வேலை இருக்காது. அது பதினைந்து பேருக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளேயே ஒரு வினை முளைத்தது. மகள் சுபாஸ்ரீ ஷார்ஜாவில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஒரு மாத விடுப்பில் வந்தவள், நாளைக்கு டிக்கெட் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று அம்மா சமையலில் மயங்கிக் கிடந்துவிட்டாள். விழித்துப் பார்த்தால் எந்த விமானத்திலும் இடமில்லை. வெள்ளனக்காரனில் மட்டும், போனில் காட்டிய சீட் படத்தில், கடைசி வரிசைகளில் பத்துக் கட்டங்கள் ஆளில்லாமல் இருந்தன. தொட்டால் திறக்க மாட்டேன் என்றன.

"அம்மா, பத்து சீட் சும்மாதான கெடக்கு!"

"சும்மா இல்லடி. அதுல எல உக்காந்திருக்கு."

சுபாஸ்ரீக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் அழுகை வந்தது. குறித்த நாளில் வேலைக்குப் போகாவிட்டால் டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம். "ஒரே ஒரு சீட்டும்மா. சுரேஷண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லு."

ஜெபஷீலா போனை எடுத்தார். பெற்ற வயிறு இல்லையா? சுரேஷ்கண்ணனும் தங்கமான மனுஷன். "நீங்க கேட்டு நான் இல்லைன்னா சொல்லப்போறேன்? ஒண்ணத் தெறந்து விடுறேன். நூறு கிலோ எல கொறையும், அம்புட்டுத்தேன்" என்றார்.

அம்புட்டுத்தான். நூறு கிலோ இலையை எங்கே போட்டும் விற்றுவிடலாம். ஜெபஷீலா போனைக் காதில் வைத்தபடியே மகளைப் பார்த்தார். அவள் மூக்கு அழுதழுது சிவந்திருந்தது. பால்வாடிக்கு அனுப்பிய முதல் நாள் இதே மூக்கோடுதான் திரும்பி வந்தாள்.

"வேணாம் தம்பி. தெறக்காத" என்றார். "நாமளே ஒண்ணு கேட்டம்னா, நாளைக்கு ஒங்க மேனேஜரு மச்சினன் ஒண்ணு கேப்பான். அப்பறம் எலைக்குச் சீட்டுன்னு எவன் மதிப்பான்?"

சுபாஸ்ரீ அன்று முழுக்க அம்மாவிடம் பேசவில்லை. அப்பாவிடம் மட்டும், "இந்த வீட்டுல எலையாப் பொறந்திருக்கலாம்ப்பா" என்றாள். ஜெபராஜ் சிரிப்பை அடக்க மாட்டாமல் கடைக்கு ஓடிவிட்டார். சாயங்காலம் மருத்துவமனைக்குப் போன் போட்டபோது மலையாளி டாக்டர், ஓணத்துக்கு மருத்துவமனையே பூட்டப்போகிறோம், பண்டிகை கழிந்து வந்தால் மதி, அதுவே போதும் என்றார். அதைக் கேட்ட பிறகும் அவள் உம்மென்றுதான் இருந்தாள். கோபத்தைச் சட்டென்று விட்டுவிட்டால் மரியாதை என்ன ஆவது?

சரக்கு கிளம்பிய அன்று குமுளி மலையில் மழை கொட்டியது. ஓட்டுநர் சுருளியாண்டி பக்கத்தில் ஜெபஷீலா உட்கார்ந்துகொண்டு வளைவுக்கு வளைவு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "பையப் போ, ஏலே. பெட்டி உருளுது." சுருளியாண்டி சொன்னார்: "நான் பையப் போனா பிளேனு வேகமாப் போயிருமேக்கா."

நெடும்பாசேரியில் பயந்ததேதான் நடந்தது. பயணிகள் மலை மலையாகப் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். பத்தில் மூன்று சீட்டை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று மேலதிகாரி சொன்னார். சுரேஷ்கண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "சார், இந்தச் சரக்குக்காரம்மா அவங்க சொந்த மகளுக்கே இதுல ஒரு சீட் வேண்டாம்னுட்டாங்க." மேலதிகாரி கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். வாசலில் நனைந்த சேலையோடு, பெட்டிகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். பத்தும் பத்தாகவே போனது.

திருவோணத்தன்று சுபாஸ்ரீயின் போனுக்கு மருத்துவமனைக்காரர்களின் விருந்துப் படம் வந்தது. சண்டைக்குப் பிறகு முதல் முறையாக அவளாகவே கொட்டகைக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபஷீலா டாக்டரைப் பார்க்கவில்லை, பாயசத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் இலையைப் பெரிசாக்கி நரம்பு நரம்பாகப் பார்த்தார்.

"நம்ம எலையாம்மா?"

"எவன் எலன்னா என்ன? பச்சையா இருக்குல்ல!" என்று மகள் முதுகில் ஒன்று வைத்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் கொட்டகைப் பெண்கள் என்னமோ ஏதோவென்று ஓடிவந்தார்கள்.

கம்பெனி முடிவு அடுத்த வாரம் வந்தது. குளிர் அறைக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள். ஷார்ஜா வியாபாரியும் கொழும்பை மறந்து ஷீலா சேச்சிக்குப் போன் போட்டுவிட்டார். அன்றைக்குப் பருத்திப்பால் இரண்டு சுற்று வந்தது. சுருளியாண்டி வேனுக்கு மாலையே போட்டுவிட்டார்.

சுபாஸ்ரீக்கும் ஒருவழியாக டிக்கெட் கிடைத்தது. வழியனுப்ப ஜெபஷீலாவே நெடும்பாசேரி வந்தார். பெட்டியை அவர்தான் அடைத்திருந்தார். ஆவக்காய் ஊறுகாய், முறுக்கு, கைப்பட இடித்த பருப்புப்பொடி, இரண்டு தேங்காய். உள்ளே நுழையுமுன் எடை பார்த்தார்கள். முப்பது கிலோ கொண்டுபோகலாம், பெட்டி இருபத்தொன்பது காட்டியது. சரியாகப் போட்டிருக்கிறோம் என்று மகளுக்குப் பூரிப்பு. எதிரே வந்த சுரேஷ்கண்ணனிடம் ஜெபஷீலா கேட்டார்: "இன்னைக்கு அடியில என்ன கெடக்கு தம்பி?"

"பூவுக்கா. சீலையம்பட்டிச் சம்பங்கி. இன்னைக்கு ஆள் அதிகம். எட இடிக்குது, கடைசிப் பூப்பெட்டி ஏறுமா ஏறாதான்னு நிக்குது."

யாருடைய பூ, எந்தக் கல்யாணத்துக்கு என்று அவருக்குத் தெரியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கு நடுவே தரையில் குத்தவைத்து, மகள் பெட்டியைத் திறந்தார்.

"அம்மா! முப்பது கிலோ இருக்கும்மா எனக்கு!"

ஜெபஷீலா தேங்காய்களை எடுத்து வெளியே வைத்தார். ஊறுகாய் ஜாடியை எடுத்து வைத்தார். முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். பருப்புப்பொடி டப்பாவைக் கையில் பிடித்தபடி மகள் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியை இழுத்து மூடினார்.