காருக்குக் கீழே சொட்டுகிற தண்ணீர்

எங்கள் பழைய காருக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிறது. மழையும் இல்லை, கழுவவும் இல்லை. புதிதாகப் பொருத்திய ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் இப்படித்தான் வெளியே வருமாம். என் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிறவள் இல்லை நான்; முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறேன்.

என் கணவர் அந்தக் காரில் ஒரு கீறல் விழ விடமாட்டார். கோவிலடியில் யாராவது சாய்ந்து நின்றால், "தம்பி, அது மதில் இல்லை" என்பார். அவர் போன பிறகு நானும் அப்படியே காத்து வந்தேன். போன மாதம் மகள் சொல்லிவிட்டாள்: "அம்மா, உந்த வெக்கைக்குள்ளை இருந்து என்னாலை கார் ஓடேலாது. ஒண்டில் ஏசி பூட்டுவம், இல்லாட்டி விப்பம்."

கோப்பாயிலிருந்து மெக்கானிக் வந்தார். ஏசியின் குளிர்ப்பெட்டியை முன் இருக்கைகளுக்கு எதிரே வைத்து அளந்துவிட்டு, எஞ்சினுக்கும் எங்கள் காலுக்கும் நடுவிலுள்ள தகரத்தைத் தட்டினார். குழாய்கள் போக அதில் ஓட்டை போட வேண்டுமாம்.

"இந்தக் காரிலை ஒருத்தரும் ஓட்டை போட்டதில்லை. போடவும் விடன்."

மகள் என்னைப் பார்த்தாள். அப்படியென்றால் விற்பதுதான் என்கிற பார்வை. மெக்கானிக் காலடி விரிப்பைக் கிளப்பிவிட்டுச் சிரித்தார்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ. முந்தியே ஒண்டு கிடக்கு."

"அது கொம்பனி போட்டது."

"கொம்பனி இவ்வளவு கோணலாப் போடாது, அம்மா."

விரல் நுழையும் அளவு. விளிம்பை யாரோ அரத்தால் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். தொட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. பெற்றோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் எஞ்சின் எழும்ப ஒரு மிடறு பெற்றோல் வேண்டும். பக்கத்து இருக்கையில் நான், மடியில் பெற்றோல் நிரப்பிய சேலைன் போத்தல். இவர் காரை எழுப்பத் திறப்பைத் திருப்பி "அமத்தும்!" என்று கத்த, நான் போத்தலை அழுத்துவேன். "காணும், காணும்! குடிக்கவே குடுக்கிறீர்?" என்று, போதும் என்பதற்கும் ஒரு சத்தம். அந்தப் போத்தலின் குழாய் எதனூடாக எஞ்சினுக்குப் போனதென்று நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. கீறலுக்கே சண்டை பிடித்த மனிதர், எனக்கும் சொல்லாமல் தன் கையாலேயே துளைத்திருக்கிறார். கார் ஓட வேண்டுமே.

"போடும் தம்பி," என்றேன். "விளிம்பை மட்டும் உப்பிடித் தேய்ச்சு விடும்."

மற்றக் குழாய்கள் புது ஓட்டைகளூடாகப் போயின. தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு அவருடைய ஓட்டையே அளவாக இருந்தது. அதனூடாக வந்துதான் இப்போது சொட்டுகிறது. ஒரு துளியை விரலில் ஏந்தி மணந்து பார்த்தேன். வெறும் தண்ணீர்தான்.