தூணின் அடியில் பூசாத மருந்து

பூஞ்சை அரிக்காதபடி மரத்துக்கு மருந்தேற்றும் பட்டறையில், மரத்தை மருந்துத் தொட்டியில் ஊறவைக்கும் தொட்டிக்காரர் அவர்தான். மருந்து குடித்த மரத்தை வாரக்கணக்கில் கூரைக்கடியில் வைத்திருந்துதான் வெளியே விடுவார். அவசரப்பட்டால் முதல் மழையே மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். வாங்க வருகிறவர்களிடம் தவறாமல் சொல்லுவார்: "அறுக்காதீங்க. அறுத்தா, அந்த எடத்துல மறுபடி மருந்து பூசுங்க. நடுமரம் வரைக்கும் மருந்து போகாது."

தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், "அண்ணன் பக்கத்துல உக்காந்தா மருந்து நாறுது" என்று இடம் மாறியவன் அவன். அன்றோடு பேச்சு நின்றது.

அந்தத் தம்பிதான் பால்கனிக்கு அதே பட்டறைத் தூண்களை, இவர் இல்லாத நாளில் ஆள்விட்டு வாங்கினான். உயரம் அதிகமென்று அடியை அறுத்து, அப்படியே ஈரமண்ணில் நட்டான். எதிரே தன் வீட்டு ஜன்னலிலிருந்து இவர் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டானா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனுஷன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், தம்பி வீட்டில் ஆளில்லாத நேரம் போய்த் தூணடியை விரலால் அழுத்திப் பார்ப்பார். ஒரு வருஷம் விரல் உள்ளே போனது. அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

துணி காயப்போடப் போன தம்பி மனைவியோடு பால்கனி சரிந்தது. இனி நடக்கமாட்டாள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"உன் மருந்தை நம்பித்தானேண்ணா மரம் வாங்கினேன்."

அவர் கையை உருவிக்கொண்டார்.

"மருந்தைக் குத்தம் சொல்லாதே. நீ அடியை அறுக்கிறப்பவே பார்த்தேன்."