பதினேழாம் எண் ரத்தம்

கூடத்திலிருந்து பர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைக் கையிலிருந்து பிரிக்கும் சத்தம். பின்னாலேயே, அக்காவுக்கு அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் குரல்.

“நூத்தி எழுபத்தெட்டு அண்ணி! மூணு மாத்திரை போட்டுமா இப்படி?”

“மெஷினுக்கு என்னைக் கண்டா பயம் போல. எங்க நம்ம உப்பு டாக்டர்? ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போய் உள்ள மனப்பாடம் பண்றானா?”

உப்பு டாக்டர் என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் என்று ஒரு ஹார்மோன் வருகிறது. அது அளவு மீறினால் உடம்பில் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே துரத்தும். ரத்த அழுத்தம் எகிறும். அந்த ஒரு ஹார்மோனோடு இருபத்திரண்டு வருடம் ஆராய்ச்சியில் மல்லுக்கட்டியவர் தம்பி. அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அக்கா. அவள் பஸ் டிரைவர். அவளுடைய பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்துதான் அவர் பரீட்சைகளுக்குப் படித்தார்.

இப்போது அவருடைய மேஜையில் அக்காவின் ரிப்போர்ட். பொட்டாசியம் இரண்டு புள்ளி ஒன்பது; மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. முதல் வருட மாணவன்கூட அந்த ஹார்மோனைச் சந்தேகப்பட்டிருப்பான். பக்கத்தில் ஆறு வருடப் பழைய ஆராய்ச்சி நோட்டு ஒன்று திறந்து கிடந்தது.

அந்த ஆராய்ச்சிக்கு நோயே இல்லாத நாற்பது பேரின் ரத்தம் தேவைப்பட்டது. ஆள் குறைந்ததால் அக்காவையும் கூப்பிட்டார். பதினேழாம் எண். அன்றைக்கு அவளுக்கு ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. ஆனால் ஹார்மோன் மட்டும் மற்றவர்களைவிட நான்கு மடங்கு. கட்டுரையை அனுப்ப இரண்டே நாள். அந்த ஓர் எண் சராசரியையே கெடுத்தது. சிவப்புப் பேனாவால் அடித்தார். அடித்ததற்குக் காரணம் எழுத வேண்டுமே! ‘மாடிப்படி ஏறி வந்தவுடன் எடுத்த ரத்தம்’ என்று எழுதினார். நடந்தாலும் நின்றாலும் அந்த ஹார்மோன் ஏறும் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

பிறகு அக்காவுக்கு அழுத்தம் ஏறியது. இரண்டு வருடத்துக்கு முன் லேசாகப் பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்தது. பஸ் போயிற்று. இப்போது டிப்போவில் டிக்கெட் கட்டுகளை எண்ணி வைக்கிறாள்.

அவர் நோட்டோடு கூடத்துக்கு வந்தார். பக்கத்தைத் திறந்து அக்கா மடியில் வைத்தார்.

அக்கா கண்ணாடியை மாட்டி எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள்.

“பதினேழு யாரு?”

“நீதான்கா.”

“நான் எங்கடா படி ஏறினேன்? லிஃப்ட்ல வந்தேன். அரை மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சே. வண்டி எடுக்க நேரமாச்சுன்னு உன்னைத் திட்டினேனே!”

“ஆமாக்கா.”

“அப்ப இது?”

“பொய்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என் ரத்தம்னு தெரிஞ்சே அடிச்சியா?”

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அக்கா நம்பியும் விடுவாள். அவர் தலை கவிழ்ந்தது. “தெரிஞ்சுதான்கா.” கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது, துடைக்கக்கூட அவருக்குக் கூசியது.

“ஸ்கேன் எடுக்கணும்கா. ஒரு பக்கச் சுரப்பியில மட்டும் கட்டி இருந்தா எடுத்துடலாம். பிரஷர் இறங்கிடும். நான் லெட்டர் தரேன்...”

“கை?”

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

“அப்பவே பாத்திருந்தா?”

“பக்கவாதமே வராம இருந்திருக்கலாம்.”

அக்கா கத்துவாள், அறைவாள் என்று காத்திருந்தார். அவள் தளர்ந்த இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உன் லெட்டர் வேணாம். வேற டாக்டரைப் பாக்கறேன். இந்த நோட்டு எனக்கு வேணும். அவருக்குக் காட்டணும்.”

அது வெளியே போனால் பரிசும் பேரும் நாறிவிடும். அவருடைய விரல்கள் தாமாகவே நீண்டு நோட்டின் ஓரத்தைப் பற்றின. அக்கா அந்த விரல்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் செத்தே போனார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“கட்டுரை போட்ட பத்திரிகைக்கு நானே எழுதிடறேன்கா.”

“எழுது, எழுதாம போ. அதை ஏன் எங்கிட்ட சொல்றே?”

அவள் எழுந்தாள். செருப்பு வார் ஒற்றைக் கைக்கு அடங்கவில்லை. அவர் குனிந்து மாட்டப் போனார்.

“தொடாத.”

மனைவிதான் மாட்டிவிட்டாள். “நான் கூட வரேன் அண்ணி.”

“ஸ்கேனுக்கு வா. இப்ப வேணாம்.”

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா வெளியேறினாள். லிஃப்ட் கீழே இறங்கும்வரை மனைவி வாசலிலேயே நின்றாள். பிறகு, குனிந்தபடியே இருந்த புருஷனைத் திரும்பிப் பார்க்காமல், கதவைச் சாத்தினாள்.