கட்டிலுக்கு அடியில் அமெரிக்கா

என் மனைவிக்கு நூலகத்தில் 'அமெரிக்கா அக்கா' என்று பெயர். அவள் அமெரிக்காவுக்குப் போனதில்லை, போகவும் ஆசைப்பட்டதில்லை. அவள் பொறுப்பில் இருந்த அலமாரியில் ஜாஸ் இசையைப் பற்றியும் அமெரிக்க மக்களின் வாழ்க்கையைப் பற்றியும் புத்தகங்கள் இருந்தன, அதனால் வந்த பெயர் அது. நான் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவன். அந்த அலமாரியால் அவளுக்குப் பெயர் வந்தது, எனக்கு முதுகுவலி வந்தது.

எங்கள் நூலகத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு வருடமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகத்தைப் பின்னறைக்குத் தள்ளிவிடுவார்கள். பின்னறைக்குப் போனால் அடுத்த வாசல் பழைய பேப்பர்காரர் கடைதான். அங்கேயே மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படித்தாலும் அது கணக்கில் சேராது. கார்டைக் காட்டி, கவுண்டரில் பதிந்து, புத்தகம் வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டவைக்க ஆள் வேண்டுமே! கட்டியவன் எதற்கு இருக்கிறேன்? டிரம் வாசித்தவர்களின் வரலாறு, நடன அரங்குகளின் படங்கள், தெற்கிலிருந்து வடக்கே பிழைக்கப் போன குடும்பங்களின் கதை என்று ஒவ்வொன்றும் செங்கல் கனத்தில். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தாண்டினேன்.

"யாரோ எடுத்த மாதிரி நீயே பதிஞ்சுட்டா என்ன? யாரு பாக்கப் போறா?" என்று ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. பொய்யாக ஒரு முத்திரைகூடக் குத்தமாட்டாள். அதற்குமேல் இன்னொரு தொல்லை, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எப்படி இருந்தது என்று விசாரிப்பாள். டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவள் தம்பி ஒருமுறை மாட்டிக்கொண்டான். "கதை நல்லா இருந்துச்சுக்கா. முடிவுதான் கொஞ்சம் சோகம்" என்றான். அவன் எடுத்துப்போனது பழைய இசைத்தட்டுகளின் பட்டியல்.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை சின்னதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கோ மூடிவிட்ட ஒரு கலாச்சார மையத்திலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் தானமாக வந்தன. தூசு தட்டி எண் ஒட்டும் வேலையைப் புது ஆள் தலையில் கட்டினார்கள். எண் ஒட்டும்போது ஒன்றைப் பிரித்திருக்கிறாள். ஒரு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றியது. எந்த ஓட்டலில் வாசித்தார்களோ அதே ஓட்டலில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. சமையலறை வழியாக உள்ளே வந்து, வாசித்துவிட்டு, அதே வழியாக வெளியே போக வேண்டும்.

"மேடையில கை தட்டுறாங்க, இறங்கினா தண்ணி குடுக்க மாட்டேங்கறாங்க. அப்புறமும் அடுத்த ஊருக்குப் போய் சிரிச்ச முகமா வாசிக்கறாங்க. எப்படிங்க மனசு வந்துச்சு அவங்களுக்கு?" என்று கேட்டாள். அப்போது என் தலை ஒரு ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. "கேஸ் லீக் ஆகுது, அப்புறம் சொல்றேன்" என்றேன். அப்புறம் சொல்லவே இல்லை. அவள் அந்தப் பெட்டிகளிலேயே பதில் தேடப் போய்விட்டாள்.

படிப்பதோடு விட்டாளா? தினமும் சாயங்காலம் ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஜாஸ் போடுவாள். கண்ணை மூடி, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கேட்பாள். எனக்கோ நாலு பேர் ஒரே அறையில் ஆளுக்கொரு விஷயத்துக்குச் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அவள் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று, நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். கொசு கடித்த கடிக்குக் கணக்கே கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புது மேலாளர் வந்தார். கெட்டவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். வேலை தேடும் பிள்ளைகள் போட்டித் தேர்வு கைடுகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், கைடுகளை வைக்க அலமாரி இல்லை என்றார். "போற புத்தகம் இருக்கட்டும்மா. போகாததை எடுத்துடலாம். மாசக் கடைசியில பாக்கறேன்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாத்தையும் வெளிய எடுத்துடலாங்க. ஒண்ணு விடாம. அலமாரி காலியா இருந்தா யாராலயும் போகாத புத்தகம்னு சொல்ல முடியாதுல்ல?"

உற்றார் உறவினர் யாரையும் விடவில்லை. அவள் தம்பி, தம்பி பெண்டாட்டி, தம்பியின் மாமியார், டைல்ஸ் கடையில் வேலை செய்கிறவர்கள் என்று ஆளுக்கொரு கார்டு. மாமியார் அம்மாளுக்குக் கண்ணே தெரியாது. "பரவால்ல, கை இருக்குல்ல, தூக்கட்டும்" என்றாள். எல்லாரும் வாசலைத் தாண்டியதும் நேராக என் வேனில் கொண்டுவந்து கொட்டினார்கள். கட்டிலுக்கு அடியில், பரண்மேல், எங்கள் ஃப்ரிட்ஜ் தலையில், எங்கே பார்த்தாலும் அமெரிக்கா. குளிக்கத் துண்டு எடுக்கப் போனால் ஒரு அட்டைப்படத்தில் டிரம்பெட்காரர் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு என்னை முறைக்கிறார். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அந்த வாரம் அவள் முகத்தில் இருந்த தெம்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் காலை வயதான ஒருவர் வீட்டுக்கு வேலைக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் கடகடவென்று சுவரையே ஆட்டிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸருக்கு அடியில் வைக்கும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. இவ்வளவு சத்தத்தை எப்படித்தான் சகித்தாரோ என்று பார்த்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரியும் தம்பி. காது மங்கிடுச்சு" என்றார்.

மூலையில் ஒரு சாக்ஸபோன் பெட்டி இருந்தது. ஓட்டல்களிலும் வரவேற்பு மேடைகளிலும் காலமெல்லாம் வாசித்தவராம். ரப்பரை மாற்றிக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே பொரிந்து தள்ளினார்.

"கேக்க முடியாததைப் படிச்சாவது பாப்போம்னு லைப்ரரிக்குப் போனேன். டிரம்மர்களைப் பத்தி ஒரு தடிப் புத்தகம் இருக்குதாம். எப்பப் போனாலும் வெளிய போயிருக்குங்கறாங்க. அது மட்டுமா? அலமாரியே காலி! யாரோ ஒரு கூட்டம் மொத்தமா அள்ளிட்டுப் போயிருக்கு. கார்டைக் கவுண்டர்ல வீசிட்டு வந்துட்டேன்."

அவர் போனதெல்லாம் காலையில். என் மனைவி கவுண்டரில் உட்காருவது மதியத்துக்குமேல். அந்த டிரம்மர் புத்தகம் வெளியே என் வேனில், ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆனா ஒண்ணு தம்பி. இத்தனை வருஷம் சினிமாப் பாட்டா வாசிச்சேன். ஜாஸ் வாசின்னு ஒருத்தன் கேட்டதில்ல. நம்ம ஒருத்தன்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். பாத்தியா, இந்த ஊர்ல எத்தனை பேரு! கோவம் ஒரு பக்கம் இருந்தாலும், அன்னிக்கு ராத்திரி சந்தோஷமாத் தூங்கினேன்."

ரப்பரை மாட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது தட்டை அப்படியே தள்ளி வைத்தாள். "ஒரே ஒருத்தர் வரமாட்டாரான்னு எத்தனை வருஷம் அந்தக் கவுண்டர்ல உக்காந்திருந்தேன். வந்த மனுஷனுக்கு இல்லைன்னு நானே ஒளிச்சு வெச்சிருக்கேனே" என்று அழுதாள். நான் அவள்மேல் கோபப்படலாம் என்று இருந்தேன். அவள் என்னைவிட அதிகமாகத் தன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனோம். கையில் ஒரு அடுக்கோடு வாசலில் நுழையப் போனவன், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து நின்றுவிட்டேன். அவளுடைய அலமாரி முழுக்கப் போட்டித் தேர்வு கைடுகள்.

மேலாளர் சிரித்த முகமாக வந்தார். "காலியாத்தானே இருந்துச்சும்மா, அதான் வெச்சுட்டேன். பசங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். உங்க புத்தகமெல்லாம் திரும்பி வர வரப் பின்னறையில போட்டுக்கலாம்."

"போற புத்தகம் இருக்கட்டும்னீங்களே சார்?"

"அதான் போயிருச்சே! திரும்பி வந்தா வைக்க இடம் வேணாமா?"

இந்த நியாயத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது? போகாவிட்டால் போகவில்லை என்று எடுப்பார்களாம், போனால் போய்விட்டது என்று எடுப்பார்களாம். வெளியே இருக்கும்வரைதான் அந்தப் புத்தகங்களுக்கு உயிர். என் மனைவி கண்ணாலேயே என்னை வேனுக்குத் திருப்பினாள். பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டாள். "அந்த ஐயா வீட்டுக்கு விடுங்க" என்றாள்.

அவர் வாசலுக்கே வந்தார். ஃப்ரிட்ஜ் மறுபடி கெட்டுப்போகவில்லையே என்று என்னைக் குழப்பமாகப் பார்த்தார். இவள் மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள். கையைக் காதில் குவித்தார். கடைசியில் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"யாரும் படிக்கலைங்க ஐயா! எல்லாப் புத்தகமும் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு! எங்க சொந்தக்காரங்க கார்டுல நான்தான் எடுக்க வெச்சேன்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கு மானம் போயிற்று. அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப யாருமே இல்லையா?"

"நான் இருக்கேன்! எல்லாத்தையும் படிச்சிருக்கேன்!"

"நீ போதும்மா" என்றார். முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. "யாரோட வாசிப்பு பிடிக்கும் உனக்கு?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் முத்திரை குத்தச் சொன்ன அன்றைக்குப் பார்த்தாளே, அதே பார்வை. ஐயோ, ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இசை பிடிக்கலைங்க ஐயா! தினமும் கேட்டுக் கேட்டுப் பாக்கறேன், தலைதான் வலிக்குது! எனக்கு அந்த மனுஷங்களைத்தான் பிடிக்கும்!"

மாடிப்படியில் கொசுக்கடியில் கழித்த என் சாயங்காலங்கள் எல்லாம் கண்முன் வந்து போயின. நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ரசனை இல்லையாம், வலியாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தித் தொலைத்திருக்கலாமே! அங்கேயே அவளை நாலு கேள்வி கேட்டிருப்பேன், ஆனால் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாக்ஸபோனோடு திரும்பி வந்தார். வாசிக்க ஆரம்பித்தார். இவள் வழக்கம்போல் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். முடித்ததும், "எப்படி?" என்றார்.

"நடுவுல கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு! கடைசியில சரியில்ல!"

வேன் சாவியைத் தேடி என் கை போயிற்று. அவர் கோபப்படவில்லை. வாத்தியத்தை மடியில் வைத்து, அதன் வாயைத் துணியால் வெகுநேரம் துடைத்தார்.

"சுருதி விலகுதுன்னு எனக்கே சந்தேகம். வீட்டுல கேட்டா நல்லா இருக்குங்கறாங்க. கூட வாசிச்சவங்களும் நல்லா இருக்குங்கறாங்க. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னதாலதான் வாசிக்கறதையே விட்டேன்" என்றார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு வந்து கார்டு எடுத்துக்கறேன். நீ வாரா வாரம் வந்து எந்த இடம் கெட்டுச்சுன்னு சொல்லிட்டுப் போ."

அதிலிருந்து இதுதான் என் பிழைப்பு. சனிக்கிழமை மதியம் நான் கவுண்டரில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பேன். பின்னறைக்குப் போகும் வண்டியில் அது விழுவதற்குள், எனக்குப் பின்னால் நிற்கும் அவர் அதைத் தன் கார்டில் எடுத்துக்கொள்வார். அவர் கொடுப்பதை அதேபோல் நான் எடுத்துக்கொள்வேன். மேலாளர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். விதிப்படி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அலமாரி போனது போனதுதான். மிச்சமெல்லாம் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, என் முதுகும் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் அவர் வீட்டில் கச்சேரி. வாசிப்பவருக்குச் சரியாகக் கேட்காது, கேட்பவளுக்குப் பிடிக்காது, நடுவில் நான். போன வாரம் அவர் முடித்ததும் இவள் நெற்றியிலிருந்து கையை எடுத்திருந்தாள். அது எப்போது என்று நான் கவனிக்கவில்லை.

"இன்னிக்குத் தலை வலிக்கலைங்க ஐயா!" என்று கத்தினாள்.

அவர் கேட்கவில்லை என்று கையைக் காதில் குவித்தார். இவள் இன்னும் பலமாகக் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது. அவருக்கு முதல் தடவையே கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.