படையலுக்கு வந்த கடற்பாசி

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். புரட்டாசி சனிக்கிழமைப் படையலை ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. இந்த வருடம் ஒரு கடற்பாசி வந்து என் பொறுமையைச் சோதித்தது.

படையலன்று வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. சாமிக்குப் படைக்கும்வரை யாரும் உப்புப் பார்ப்பதும் இல்லை. தேக்கா சந்தையில் வாழையிலை வாங்கிக்கொண்டு நான் வீடு திரும்பியபோது மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்குள் படைக்க வேண்டும். மருமகள் வைத்திருந்த சாம்பாரைத் திறந்தேன். உள்ளங்கை அகலத்தில், பழுப்பாக, வழவழவென்று ஒன்று மிதந்தது. கருவாட்டு வாடை வேறு. மீன் தோல் என்றே நினைத்துவிட்டேன்.

மருமகள் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எல்லாம் ஜப்பான் எழுத்து. குளிர்ந்த கடலில், பாறையைப் பிடித்துக்கொண்டு, ஆளுயரத்துக்கு மேல் வளரும் பாசியாம். வெங்காயம் இல்லாத சாம்பார் சப்பென்று இருக்கிறது என்று போன வருடம் நான்தான் குறைப்பட்டேனாம். ருசிக்காகப் போட்டாளாம்.

“செடி மாதிரிதான் லா அத்தை. சைவம்.”

“கடல்ல மீனோட குடித்தனம் பண்ணினது எப்படிடி சைவமாகும்?”

மகன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, சைவம்தான் என்றான். பசி வந்தால் அவன் நண்டையும் சைவம் என்பான். கோயில் குருக்களுக்குப் போன் போட்டேன். அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். மனசுக்குப் பட்டதைச் செய்யுங்கள் என்று வைத்துவிட்டார். மனசுக்குத் தெரிந்தால் அவரை எதற்குக் கேட்கிறேன்?

வேறு பருப்பு வேகவைக்க நேரமில்லை. சாம்பாரை ஒதுக்கிவிட்டு ரசம், பொரியல், வடை, பாயசத்தோடு படைத்தேன். சாம்பார் இல்லாத இலையைப் பெருமாள் முன் வைக்க எனக்குக் கை கூசியது. மருமகள் அப்புறம் என்னோடு பேசவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பார்ச் சட்டியை எல்லாருமாக வழித்துவிட்டார்கள். அதற்குள் நானும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஐம்பது வருடமாக நான் வைத்த படையல் சாம்பாரில் அந்த ருசி வந்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பெருமாளுக்குக் காட்டாமல் நாங்களே தின்று முடித்தோம்.

நாளை அடுத்த சனிக்கிழமை. பாக்கெட்டில் பாதி மிச்சம் இருக்கிறது. மருமகள் அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். இறக்கு என்று என் வாயால் சொல்ல வராது. அதனால்தான் எழுத்துக் கூட்டி இவ்வளவும் எழுதினேன். எழுதி முடித்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன்.

“பிழையெல்லாம் அப்புறம் திருத்து. இப்ப இதைப் படிச்சுக் காட்டு. அடுப்படிவரைக்கும் கேக்குற மாதிரி படி.”