ஒரு கை மஞ்சள், ஒரு கை நீலம்

என் நண்பன் தங்கவேல் கொலை வழக்கில் கைதான அன்று, அவனுக்காக நானே வாதாடுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எவ்வளவு பெரிய பொறுப்பு என்று உறைத்தது.

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதர சகோதரிகளே. நான் திருப்பூரில் வக்கீல். கோபக்காரன் என்று கோர்ட்டில் பெயரெடுத்தவன். அழுது இறைவனிடம் துஆ கேட்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு அல்லாஹ் என்ன செய்தான் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தங்கவேலும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் குமரேசன் என்பவரோடு கூட்டாகப் பனியன் கம்பெனி நடத்தினான். கூட்டைப் பிரிப்பதில் தகராறு. ஐப்பசியில் ஒருநாள் இருவரும் தெருவே கேட்கும்படி சண்டை போட்டார்கள். அன்று மாலையே கம்பெனி குடோனில் குமரேசனை யாரோ இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். தங்கவேலின் செல்போன் கம்பெனியிலேயே சார்ஜில் கிடந்தது. போன் அங்கே இருந்ததால் ஆளும் அங்கேதான் இருந்திருக்கிறான் என்றது போலீஸ்.

ஜெயிலில் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் பாதியாக இளைத்திருந்தான்.

"டேய் பஷீரு, நான் அப்ப ஊருலயே இல்லடா. பேக்கரி முன்னால ஒரு வடக்கத்திப் பையன் மழையில நின்னு அழுதுட்டு இருந்தான். ஊருல அவங்கம்மா சாகப் பொழைக்கக் கெடக்கறாங்களாம். அவன் போற ட்ரெயின் திருப்பூர்ல நிக்காது. என்ற கார்ல ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஏத்திவுட்டேன்."

"அவன் பேரு என்ன?"

தலை குனிந்துகொண்டான். "கேக்கலியேடா. பையான்னுதான் கூப்புட்டேன்."

அவனைத் திட்டவும் முடியவில்லை. நம் ஊரில் யார் கேட்கிறோம்? பீகாரோ ஒடிசாவோ வங்காளமோ, எல்லோரும் நமக்கு பையாதான். இந்தியில் அண்ணன் என்று அர்த்தம், அவ்வளவுதான். போலீஸிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்களாம். நான் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்குவதற்குள் ரயில் நிலையத்துக் கேமராப் பதிவும் அழிந்துவிட்டது.

ஒரே ஒரு பிடி கிடைத்தது. நனைந்து நடுங்கியவனுக்கு, காரில் கிடந்த சாம்பிள் டி-ஷர்ட்டை மாற்றிக்கொள்ளக் கொடுத்திருக்கிறான். அந்த டி-ஷர்ட்டை எனக்கும் தெரியும். உடம்பு சாம்பல் நிறம், ஒரு கை மஞ்சள், ஒரு கை நீலம். ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு வியாபாரி அந்த ஒரு பீஸைப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டார். ஆர்டர் ஓடவில்லை. இதை எவன்டா போடுவான் என்று நானே அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்தச் சட்டைக்காரனைத் தேடிக் கிளம்பினேன். கம்பெனி கம்பெனியாக ஏறினேன். வடக்கத்தித் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகளில் கதவைத் தட்டினேன். வக்கீல் கோட்டைப் பார்த்ததுமே பாதிப் பேர் நழுவினார்கள். ஜாமீன் மனு தள்ளுபடியானது. என் சொந்தக்காரர்களே, "உனக்கு எதுக்குப்பா இந்த வம்பு" என்றார்கள். விடவில்லை. விட்டால் அவன் ஆயுசு முழுக்க உள்ளே இருப்பான்.

பொங்கலூரிலிருந்து தங்கவேலின் அம்மா வந்து என் அலுவலக வாசலில் நின்றார். "எங்க சாமிகிட்டச் சொல்லிட்டேன் கண்ணு. நீயி உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார். அவர் போன பின் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அன்றிலிருந்து தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு ஸஜ்தாவிலும் ஒரே துஆதான். யா அல்லாஹ், அந்த மனிதனை எனக்குக் காட்டு. சில நாள் ரப்பிடமே சண்டை போட்டேன். நல்லது செய்யப் போனவனை இப்படி மாட்டிவிடலாமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பயந்துபோய் மன்னிப்பும் கேட்டேன்.

நோன்புப் பெருநாள் கழிந்தது. விசாரணை தொடங்கி, அரசுத் தரப்புச் சாட்சிகள் முடியும் கட்டம். ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு பகுதியில் தேடிக்கொண்டிருந்தபோது ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அங்கிருந்த சின்னப் பள்ளிவாசலில் ஓடிப்போய்க் கடைசி வரிசையில் சேர்ந்தேன். முழுக்க வடக்கத்தித் தொழிலாளர்கள். தோளோடு தோள் ஒட்டி நின்றோம். ஸஜ்தாவில் அதே துஆவைக் கேட்டேன். இந்த முறை சண்டை போடத் தெம்பில்லை. முடியவில்லை ரப்பே, நீயே பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுக்க வலப்பக்கம் முகம் திருப்பினேன். மஞ்சள் கை.

இடப்பக்கம் திரும்பி இன்னொரு ஸலாமும் கொடுக்க வேண்டுமே! கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஸலாம் கொடுத்ததில்லை. மறுபடி திரும்பினேன். சாம்பல் நிற டி-ஷர்ட், அந்தப் பக்கம் நீலக் கை. நான் அழுதுகொண்டே யாரைக் கேட்டேனோ, அவன் என் தோளில் உரசிக்கொண்டு நின்றிருக்கிறான். சுப்ஹானல்லாஹ்!

கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் பெயரைக் கேட்டேன். முஷ்தாக். பீகார்க்காரர். அம்மாவை அடக்கம் செய்து, பெருநாளும் முடித்து, அந்த வாரம்தான் திரும்பியிருக்கிறார். கொலை, கைது எதுவும் அவருக்குத் தெரியாது. கோர்ட் என்றதும் முகம் வெளுத்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் சட்டையின் மஞ்சள் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணா, அந்த அண்ணா கார் இல்லேன்னா நான் அம்மா முகம் பாக்கல. நான் வருது" என்றார்.

வந்தார். லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் வேலையை விட்டே நிறுத்தினார், அப்போதும் வந்தார். வக்கீல் தன் பள்ளிவாசலிலேயே பிடித்து வந்த ஆள் என்று அரசு வழக்கறிஞர் குத்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது, அடக்கிக்கொண்டேன். காரில் போகும்போது முஷ்தாக் வழி நெடுக ஊரில் இருந்த தன் அண்ணனோடு செல்போனில் பேசியிருந்தார். அந்தப் பதிவுகளை வரவழைக்கக் கேட்டோம். கொலை நடந்த நேரத்தில் அவர் போன் ஈரோட்டுச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. சாம்பிளைத் தைத்த கம்பெனிக்காரரும் வந்து, அப்படி ஒரே ஒரு பீஸ்தான் போட்டோம் என்றார். நீதிபதி தங்கவேலை விடுதலை செய்தார். அல்ஹம்துலில்லாஹ்.

குமரேசனைக் கொன்றவன் இன்னும் பிடிபடவில்லை. அவர் மனைவிக்கும் நியாயம் கிடைக்க நீங்களும் துஆ செய்யுங்கள்.

ஜெயில் வாசலில் தங்கவேலின் அம்மா நின்றார், நான் நின்றேன், கொஞ்சம் தள்ளி முஷ்தாக் நின்றார். வெளியே வந்த தங்கவேல் எங்கள் இருவரையும் தாண்டிப் போய் அவர் முன்னால் கைகூப்பினான்.

"உங்க பேரென்னங்க?" என்று கேட்டான்.

அவர் பெயரைச் சொன்னதும் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முஷ்தாக் இப்போது தங்கவேலின் கம்பெனியில்தான் இருக்கிறார். அங்கே யாரும் யாரையும் பையா என்று கூப்பிடுவதில்லை.

கஷ்டத்தில் இருப்பவர்களே, கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். தேடுவதையும் நிறுத்தாதீர்கள். இன்றைக்குத் தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும்போது, முகத்தை மட்டும் திருப்பிவிட்டு எழுந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அவர் பெயரைக் கேளுங்கள்.