ஹுன்னஸ்கிரிய: காம்பு கிள்ளிய பதினெட்டுக் கிலோ ஸ்ட்ரோபெரி

கண்டியிலிருந்து ஒரே நாளில் ஹுன்னஸ்கிரிய போய்வர முடியுமா என்று சில மாதங்களாக உங்களில் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். முடியும். போன சனிக்கிழமை போய்வந்தேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மலைமுகட்டுப் படம் ஒன்றுகூட இந்தப் பதிவில் இல்லை. நான் போனது மலை பார்க்க அல்ல, பதினெட்டுக் கிலோ ஸ்ட்ரோபெரியை என்ன செய்வது என்று முடிவெடுக்க.

அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி என் அக்கா செல்வராணி இருக்கிறாள். பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தவள். இந்தத் தை மாதம் தோட்டத்துப் பதிவில் தன் பேரை வெட்டிக்கொண்டு, குத்தகை நிலத்தில் பொலித்தீன் கூடாரம் போட்டு ஸ்ட்ரோபெரி வைத்தாள். திகன பக்கம் உள்ள ஒரு ஹோட்டல் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. முதல் லோடு சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை தோறும் வேன் வரும். சரியில்லை என்றால் வேன் வராது, அக்கா மறுபடி தோட்டத்து அலுவலக வாசலில் நின்று பேர் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம், இவ்வளவும் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "வேன்காரன் பெட்டியத் தொறந்து பாத்தான். அப்புடியே மூடிட்டுப் போயிட்டான். நாளைக்கு வா. சீனி வாங்கிட்டு வா." ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். நான் கண்டிச் சந்தைக்கு ஓடி எட்டுக் கிலோ சீனியும், ஒரு டசின் தேசிக்காயும், மூடியோடு இருபத்து நாலு வெற்றுப் போத்தல்களும் வாங்கினேன்.

சனிக்கிழமை காலை 6.20க்கு மஹியங்கனை பஸ். கண்டியில் அந்த பஸ் நிற்கும் இடம் அடிக்கடி மாறுகிறது, முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹுன்னஸ்கிரியவுக்கு 37 கிலோமீற்றர், டிக்கெட் 160 ரூபா. என் போத்தல் பெட்டிக்கும் நடத்துநர் ஒரு டிக்கெட் கிழித்தார். அது ஒரு இருக்கையில் உட்கார்ந்து வந்ததால் எனக்கும் எதிர்த்துப் பேச வாயில்லை. வலது பக்கம் இடம் பிடித்தால் தெல்தெனியவுக்கு முன்னும் பின்னும் விக்டோரியா நீர்த்தேக்கம் நன்றாகத் தெரியும். நான் அதைப் பார்க்கவில்லை. வழி நெடுக மனதுக்குள் அக்காவைத் திட்டிக்கொண்டு போனேன். எதையோ கவனிக்காமல் விட்டிருப்பாள், அவளுக்கு எதிலும் அவசரம் என்று.

7.55க்கு இறங்கினேன். சந்தியிலிருந்து மூன்றரைக் கிலோமீற்றர் மேலே ஏற வேண்டும், ஓட்டோவுக்கு 500 ரூபா. ஓட்டோக்காரர் அந்த ஊர் முஸ்லிம் நானா ஒருவர். சீனி மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவு சீனி எனத்துக்கு தங்கச்சி? ஊட்ல கலியாணமா?"

"இல்ல நானா, ஸ்ட்ரோபெரிக்கு."

"ஆ, அந்த வேன் திரும்பிப் போன ஊடா? கேள்விப்பட்டன். தொதல் கிண்டிப் பாருங்கொ. எங்கட ஊட்ல எந்தப் பழம் மிஞ்சினாலும் தொதல்தான்."

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்பதை இப்படித்தான் அறிந்துகொண்டேன். ஸ்ட்ரோபெரியில், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டுகிற அந்த அல்வாவா என்று நினைத்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அக்கா வீட்டு முன்னறையில் ஆறு பிளாஸ்டிக் தட்டுகள் வரிசையாகத் தரையில் இருந்தன. அவ்வளவும் சிவப்பு, ஒரு பச்சை கிடையாது. ஒவ்வொரு பழத்திலும் தலையில் இருக்க வேண்டிய பச்சைத் தொப்பியும் காம்பும் சுத்தமாகக் கிள்ளப்பட்டு, அந்த இடம் காயம் போல ஈரமாக இருந்தது. தட்டின் அடியில் சாறு தேங்கி எறும்பு மொய்த்தது. தொப்பி போன ஸ்ட்ரோபெரி ஒரு நாள் தாங்காது. எந்த ஹோட்டல்காரன் வாங்குவான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்கா இப்படிப் பண்ணுனது? கொழுந்து கிள்ளுற மாதிரி கிள்ளி வச்சிருக்கீங்க!"

பதில் சொன்னவள் பாக்கியம், அக்காவின் நாத்தனார். அவளும் கொழுந்துக்காரிதான். அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நாங்கதான். விடிஞ்சதுலருந்து ரெண்டு பேரும் குந்தி கிள்ளுனோம். ஒண்ணுல காம்பு காட்டு பாப்போம்."

கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் காம்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிறுக்கிற இடத்தில் கூடைக்குள் முற்றின காம்பு இருந்தால் கங்காணி கையை விட்டுக் கிளறி எடுத்து, எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டுவார். அன்றைக்குப் பேர், அதாவது நாட்கூலி, பாதியாகும், அரைப்பேர் என்பார்கள். பத்தொன்பது வருடம் அந்தப் பயத்தோடு பறித்த விரல்களுக்கு, காம்பு கூடாது என்றால் காம்பு கூடாது.

"ஆனா யாரு கிள்ளச் சொன்னது?" என்று கத்தினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். தன் போனை எடுத்து, வியாழக்கிழமை வந்த குரல் பதிவு ஒன்றைப் போட்டாள். என் குரல். பின்னால் என் அலுவலகத்து அச்சு இயந்திரத்தின் இரைச்சல். "அக்கா, ஹோட்டல்ல சொல்லிட்டாங்க. காம்பு இருக்கப்படாதாம். பாத்துப் பறிங்க. வைக்கிறேன், வேல கெடக்கு."

ஹோட்டலோடு செய்தி பரிமாறுவதை அக்கா என் பொறுப்பில் விட்டிருந்தாள். ஹோட்டல்காரர் எனக்குச் சிங்களத்தில் அனுப்பிய செய்தியைத் திறந்து பார்த்தேன். காம்பைக் குட்டையாக வெட்டுங்கள் என்றுதான் இருந்தது. குட்டையாக. அந்த ஒரு சொல்லை நான் விழுங்கியிருக்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால் என் பிழைப்பே அதுதான். கண்டியில் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருடமாகச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். சுற்றறிக்கையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் அடுத்தவனைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்கிறவள் நான். கூடப்பிறந்தவளுக்கு என்றபோது எட்டு விநாடி போதும் என்று நினைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்றேன். அந்தக் கேள்விக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த முக்கால் மணி நேரம் ஆளுக்கொரு யோசனை. ரோட்டோரத்தில் மேசை போட்டு, மீமுரே போகிற வெளியூர்க்காரர்களுக்கு ஜூஸ் அடித்து விற்கலாம் என்றாள் பாக்கியம். ஐஸ் இல்லை, கரண்டும் காலையிலிருந்து இல்லை. நான் அடுப்படி வாசலில் நின்று போனில் தேடி கேக் என்றேன், புடிங் என்றேன். பாக்கியம் விறகடுப்பைக் காட்டி, "இதுல எந்தப் பக்கம் கேக்க வைக்கிறது?" என்று கேட்டாள். காயவைக்கலாம் என்றால் வெளியே மூடுபனி. நானாவின் தொதலையும் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அக்கா வாயைத் திறந்தாள். "எது அழுவாம இருக்கும்? அத மட்டும் சொல்லு."

அழுகாமல் என்றுதான் கேட்டாள். எங்கள் பேச்சில் அழாமல் என்பதும் அப்படித்தான் ஒலிக்கும். போனை மூடிப் பைக்குள் போட்டேன்.

அவளே முடிவும் சொன்னாள். பூஞ்சை தொட்டது மூன்று கிலோ, அது உரக்குழிக்கு. செங்காயாக இறுகி இருந்த இரண்டு கிலோவுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் வினாகிரியும் போட்டு அச்சாறு. மீதி பதின்மூன்று கிலோவும் ஜாம். பழம் புளிப்பு, எட்டுக் கிலோ சீனி போதும், தேசிக்காய்ச் சாறு விட்டால் இறுகிவிடும் என்று கணக்காகச் சொன்னாள். கோயில் திருவிழாவுக்குச் சமைக்கிற பெரிய அலுமினியச் சட்டியை பாக்கியம் இரவல் வாங்கி வந்தாள். பத்தரைக்கு அடுப்புப் பற்றியது.

ஜாம் கொதிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஹோட்டல்காரரிடம் நானே பேசினால்? எனக்கு நல்ல சிங்களம், அலுவலகச் சிங்களம். அடுப்படி வாசலில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும், அங்கேயே நின்று அழைத்தேன். அக்கா நாலடி தள்ளி அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்க வேண்டும் ஐயா, நீங்கள் சொன்னதை நான் சரியாகத்தான் சொன்னேன்" என்றேன் சிங்களத்தில். "என் அக்காவுக்கு விளங்கவில்லை. தோட்டத்து ஆள் பாருங்கள், தேயிலையைத் தவிர வேறு தெரியாது. அடுத்த முறை நான் நேரில் நின்று பார்த்துக்கொள்கிறேன்."

அவர் மரியாதையாகத்தான் பேசினார். நுவரெலியா பக்கம் ஒருவர் பழம் தர ஒத்துக்கொண்டுவிட்டாராம், அன்றைய விருந்துக்கு அங்கிருந்து எடுத்தாயிற்றாம், இனி வாரா வாரம் அவர்தானாம். நன்றி சொல்லி வைத்தேன்.

திரும்பினால் தீய்ந்த வாடை. அக்காவின் கையில் அகப்பை அசையாமல் நின்றது, சட்டி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. வெக்கை தாளாமல் நின்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, "கிண்டுக்கா!" என்று சத்தம் போட்டேன். அவள் மறுபடி கிண்டினாள். அடியைச் சுரண்டாமல் மேலாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றினோம். ஆனாலும் ஒரு சின்னக் கசப்பு எல்லாவற்றிலும் ஏறிவிட்டது.

இரண்டு மணிக்கு இருபத்து நாலு போத்தலும் நிரம்பி, மீதி ஓர் எவர்சில்வர் வாளியில் நின்றது. சந்தியில் இருக்கிற கடையில் வைத்து விற்கலாம் என்று பாக்கியம் சொன்னாள். நான் உற்சாகமாக, "லேபிளுக்கு நான் சிங்களத்துல எழுதித் தாரேன்" என்று பேனாவை எடுத்தேன்.

"வேணாம்" என்றாள் அக்கா. "நானே எழுதிக்கிறேன்."

"ஒனக்கு சிங்களம்…"

"கிராமத்து ஆளுகளோட சிங்களத்துல பேசாமயா இந்த நெலத்தக் குத்தகைக்கு எடுத்தேன்? எழுத்து, மகளோட கொப்பியப் பாத்துப் படிச்சேன்." மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ போன்ல பேசுனதும் வெளங்குச்சு."

பேனாவை மூடினேன். "அப்ப என்னய எதுக்குக் கேட்ட? நீயே அவருகூடப் பேசியிருக்கலாமே?"

"பெரிய ஹோட்டலு. என் பேச்சு தோட்டத்து ஆள் பேச்சு. நீ படிச்சவ, நீ சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

பாக்கியம் எழுந்து வெளியே போய்விட்டாள். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா தலையை ஆட்டினாள், சரி என்றும் சொல்லவில்லை, போடி என்றும் சொல்லவில்லை. பொழுதுக்கு பஸ் பிடிக்கணும், கிளம்பு என்றாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: திரும்பிவர 3.15க்கு ஒரு பஸ் இருக்கிறது, நான் அதில்தான் வந்தேன், கண்டிக்கு ஐந்து மணி தாண்டியது. பிறகும் பஸ்கள் வரும், மழை என்றால் நம்பாதீர்கள். ஸ்வெட்டரும் அட்டைக்கு உப்பும் கொண்டுபோங்கள். வழியில் ஸ்ட்ரோபெரி வாங்கினால் பச்சைத் தொப்பியோடும் விரற்கடை நீளக் காம்போடும் இருக்கிறதை எடுங்கள், கழுவியபிறகு மட்டும் கிள்ளுங்கள். நிறைய வாங்கிவிட்டு என்ன செய்வது என்று தெரியாவிட்டால் ஜாம்தான், ஒரு கிலோவுக்கு அறுநூறு கிராம் சீனி, கிண்டுகிற ஆளை யாரும் பேச்சால் நிறுத்தாமல் இருந்தால் அடிப்பிடிக்காது. யாருக்காவது ஒரு செய்தி சொல்லி அனுப்புகிறீர்கள் என்றால் முழுதாகச் சொல்லுங்கள். அதுவும் உங்களை நம்பிக் கேட்கிறவருக்கு.

இந்த வெள்ளிக்கிழமை வேன் வரவில்லை. திங்கட்கிழமை அக்கா மறுபடி தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்விட்டதாக பாக்கியம் சொன்னாள், அரை நாளைக்குக் கொழுந்து, மீதி நேரம் கூடாரம்.

கிளம்பும்போது அக்கா ஒரு போத்தலை என் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள். கண்டிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கொப்பித் தாளை வெட்டி ஒட்டி, நீலப் பேனாவில் சிங்களத்தில் எழுதியிருந்தாள்: ஸ்ட்ரோபெரி ஜாம், ஹுன்னஸ்கிரிய, செல்வராணி. என்னை அறியாமல் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக இரண்டு தரம் சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.